மானுக்கு ஓர் அகத்திக்கீரைக் கட்டு

திருநெல்வேலிக்கு வெளியே ஒரு மான் பூங்கா. இன்று அமாவாசை. தாமிரபரணியில் தர்ப்பணம் முடித்தவர்கள் ஈரவேட்டியோடு வந்து, பசுவுக்குக் கொடுக்க வேண்டிய அகத்திக்கீரையை வேலி வழியே மானுக்கு நீட்டுகிறார்கள். ‘உணவு கொடுக்காதீர்கள்’ என்ற பலகையில்தான் பைகளை மாட்டியிருக்கிறார்கள். பலகையால் இந்த உதவியாவது இருக்கிறது.

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. “அண்ணாச்சி, கட்டின நைலான் கயிற்றையும் சேர்த்துத் தின்னுது!” என்று பக்கத்தில் நிற்பவரிடம் கத்துகிறேன்.

“எங்க தெருவுல மாடு இல்ல வே. இதுக்கும் நாலு காலுதான?”

சொல்லி முடிக்கவில்லை, அவர் கொடுத்ததைத் தின்ற சினைமான் கழுத்தை நீட்டித் திணறுகிறது. பராமரிப்பாளர் இசக்கியம்மாள் கதவைத் திறந்துகொண்டு ஓடுகிறார். கூட்டத்தில் கனமான ஆள் யாரென்று ஒரே பார்வையில் கண்டுகொள்கிறார்.

“சார், வந்து அமுக்கிப் பிடிங்க. பைய, பைய! வயித்துல குட்டி இருக்கு.”

என் தொந்தி முதன்முறையாக வனவிலங்குப் பாதுகாப்பில் இறங்குகிறது. மான் என் நெஞ்சில் உதைக்கிறது. நியாயமான உதைதான், மனித இனத்தின் சார்பில் வாங்கிக்கொள்கிறேன். இசக்கியம்மாள் அதன் வாய்க்குள் விரலை விட்டு இழுக்கிறார். மென்ற கீரையோடு ஒரு முழம் நீலக் கயிறு வருகிறது.

“போன அமாவாசைக்கு ஒண்ணு செத்துச்சு. இதே மாதிரி எல்லாரும் வேடிக்கைதான் பாத்தாவ,” என்கிறார், மூச்சு வாங்க.

மான் தள்ளாடி எழுகிறது. வேலிக்கு அந்தப் பக்கம் அண்ணாச்சியின் முகம் வாடியிருக்கிறது. வெட்கப்படுகிறார் என்று நினைத்து என் கோபம் கொஞ்சம் இறங்குகிறது.

“கீரைய வெளிய எடுத்துட்டீரே வே,” என்கிறார். “அப்போ எங்க அப்பாவுக்குப் போய்ச் சேர்ந்திருக்குமா, இல்ல இன்னொரு கட்டு குடுக்கணுமா?”