ஒர்க் பர்மிட் வந்தது, அத்தை போனை எடுத்தார்

கனடாவில் படிப்பை முடித்து, ஒர்க் பர்மிட்டுக்கு விண்ணப்பித்துவிட்டு ஊருக்கு வந்திருக்கிறேன். இன்று சிதம்பரத்திலிருந்து கடலூர் போகும் பஸ்ஸில் இருந்தபோது மெயில் வந்தது. கிடைத்துவிட்டது!

பக்கத்து சீட்டில் இருந்த அத்தையிடம் காட்டினேன். உடனே போனை எடுத்துவிட்டார். எதிர்முனையில், நான் இன்னும் சம்மதம் சொல்லாத ஒரு மாப்பிள்ளையின் அம்மா. அத்தை எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார், பஸ்ஸுக்கே கேட்கும்.

"எங்க பொண்ணுக்குக் கனடாவுல வேல கெடச்சிடுச்சிங்க!"

"அத்தை, வேல செய்யலாம்னு அனுமதிதான் குடுத்திருக்காங்க. வேலய நான் இனிமேதான் தேடணும்" என்று அவர் காதைக் கடித்தேன்.

அதற்குள் அந்த அம்மா கேட்டுவிட்டார். "அப்டீங்களா! எந்தக் கம்பெனிங்க?"

அத்தை அசரவே இல்லை. "எந்தக் கம்பெனின்னு இவ இன்னும் முடிவு பண்ணலீங்க."

நானும் போன் பக்கம் குனிந்தேன். "எந்த மாப்பிள்ளைன்னும் இன்னும் முடிவு பண்ணலீங்க ஆன்ட்டி."

பின் சீட்டில் யாரோ சிரித்தார்கள். செம்மங்குப்பம் தாண்டியும் அத்தை என் பக்கம் திரும்பவில்லை.

டொரன்டோ பக்கம் வேலை காலியிருந்தால் கமெண்டில் சொல்லுங்கள். மாப்பிள்ளை விவரம் வேண்டாம். அந்த டிபார்ட்மென்ட்டுக்கு அத்தை பர்மிட்டே கேட்பதில்லை.