சொதிக்கு எழுதிய சட்டம்

எங்கள் பக்கம் கல்யாணம் நல்லபடியாக நடந்து முடிவது பெரிய விஷயமில்லை. மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குப் பெண் வீடு தேங்காய்ப் பால் குழம்பு ஊற்றிப் போடும் சொதிச் சாப்பாட்டில்தான் மானம் போகும். என் அண்ணன் மகள் கல்யாணத்தில் சொதி நீர்த்துவிட்டது. அவளுக்குப் பிள்ளை பிறந்து அது பள்ளிக்கூடமும் போகிறது. புகுந்த வீட்டில் இன்னமும் அவள் பெயர் 'தண்ணிச் சொதி'தான்.

என் மகளுக்கும் அப்படியொரு பட்டம் வந்துவிடுமோ என்று நிச்சயம் முடிந்த அன்றே எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. சென்னையில் கம்பெனி வேலை பார்க்கும் அக்கா மகன் போனில் யோசனை சொன்னான்: "மாமா, என்னென்ன வேலைன்னு எழுதிச் சமையல்காரர்கிட்ட கையெழுத்து வாங்கிருங்க. எழுத்துல இருந்தா ஒருத்தனும் ஏமாத்த முடியாது."

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். எங்கள் ஊர் வண்ணார்பேட்டையில் பிளைவுட் கடை வைத்த பிறகு எழுதியதெல்லாம் பில் மட்டும்தான். ஆனால் பயம் வந்தால் எனக்குக் கை ஓடும். தேங்காய் அன்றைக்கே உடைத்ததாக இருக்க வேண்டும். முதல் பாலும் இரண்டாம் பாலும் தனித்தனிப் பாத்திரத்தில். எலுமிச்சம்பழத்தைச் சொதியை இறக்கிய பிறகே பிழிய வேண்டும். விதை விழக் கூடாது. உருளைக்கிழங்குப் பொரியல் மொறுமொறுப்பாக, அப்பளம் முழுசாக. பரிமாறுகிறவர்கள் வாளிக்கு நேராகத் தும்மக் கூடாது. சமையல்கட்டில் பல்லி கூடாது.

எட்டிப் பார்த்த என் மனைவி, "பல்லிக்கிட்டயும் கையெழுத்து வாங்கப் போறியளோ?" என்றாள்.

சமையல்கார அண்ணாச்சி ஊரில் பாதிக் கல்யாணத்துக்குச் சொதி வைத்தவர். வெற்றிலை பாக்கை நீட்டி, 'பாத்துச் செய்யுங்க அண்ணாச்சி' என்றால் போதும். இங்கே அதுதான் ஒப்பந்தம். அவர் கையில் போய் நான் தாளைக் கொடுத்தேன். முழுக்க வாசித்தார். தும்மல் வந்த இடத்தில் மட்டும் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

"என்னவே, சொதின்னா என்னன்னு எனக்கே எழுதிக் குடுத்திருக்கீரு?"

"கோவிச்சுக்கிடாதிய அண்ணாச்சி. ஒரு பயந்தான்."

"சரி. இதுல உள்ளபடியே செய்யுதேன். ஒண்ணு கூடாது, ஒண்ணு குறையாது."

கையெழுத்துப் போட்டுத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எனக்கு அவ்வளவு நிம்மதி. மடையனுக்கு வரும் நிம்மதி.

அந்த நாளும் வந்தது. முதல் பந்தியில் சோறு, சொதி, பொரியல், அப்பளம் எல்லாம் தாளில் இருந்தே எழுந்து வந்ததுபோல இலையில் விழுந்தன. மாப்பிள்ளையின் பெரியம்மா சோற்றில் கை வைக்கவில்லை. இலையின் மேல் ஓரத்தையே பார்த்தார்.

"இஞ்சிப் பச்சடி எங்க?"

அவ்வளவு தேங்காய்ப் பாலும் செரிக்க வேண்டாமா? சொதி ஊற்றிய இலையில் இஞ்சிப் பச்சடி இல்லாமல் நான் பார்த்ததே கிடையாது. அதனாலேயே எழுதத் தோன்றவில்லை. பெரியம்மா பக்கத்து இலைக்காரம்மாவிடம் குனிந்து ஏதோ சொல்ல, அந்தம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தூண் ஓரத்தில் நின்ற என் மகள் என்னைப் பார்த்தாள். பட்டம் தயாராகிக்கொண்டிருந்தது.

சமையல்கட்டுக்கு ஓடினேன். அண்ணாச்சி நாற்காலியில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். விசிறி, என் தாள்.

"அண்ணாச்சி, இஞ்சிப் பச்சடி!"

"தாள்ல இல்லையே வே."

"அதையும் சொல்லணுமா? கூடவே வராதா?"

"சொல்லாம விட்டா எல்லாம் வரும். நீருதான் சொல்லிட்டீரே!"

அவருக்குப் பின்னால் ஒரு வாளி, வாழையிலை போட்டு மூடியிருந்தது. இஞ்சி வாசனை மூக்கில் ஏறியது.

"அப்போ இது?"

"அது எங்க ஆளுகளுக்கு. இஞ்சி இல்லாம சொதிய எவன்வே திம்பான்?" என்றவர் தாளையும் பேனாவையும் நீட்டினார். "எழுதும்."

சுவரில் வைத்து 'இஞ்சிப் பச்சடி' என்று எழுதினேன். கை சும்மா இருந்தால்தானே? பக்கத்தில் 'தோல் சீவியது' என்றும் சேர்த்தேன்.

அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டார். "ஏலே, வாளியத் தூக்குங்கலே! விட்டா இந்த மனுசன் இஞ்சிக்கு நகம் வெட்டச் சொல்லுவாரு."

பெரியம்மா பச்சடியை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். சொதியை இன்னொரு கரண்டி ஊற்றச் சொன்னார். மகள் தூணை விட்டு நகர்ந்து, இன்னொரு அப்பளம் கேட்கப் போய்விட்டாள்.

நான்தான் அங்கேயே நின்றேன். அடுத்த பந்திக்குப் பச்சடி காணாது என்று பாளை மார்க்கெட்டுக்கு இஞ்சி வாங்க ஆள் கிளம்பியிருந்தது. எப்படிப்பட்ட இஞ்சி என்று எழுதிக் கொடுக்காமல் அனுப்பிவிட்டேனே.