அமாவாசையில் ஓடாத பஸ்

போன புதன்கிழமை, கூலிக்கு அமர்த்திய டிரைவர் காவிரிக்கரை ஜேடர்பாளையத்துக்கு ஓட்டிப்போன எங்கள் பஸ் வழக்கமான நேரத்துக்கு வெகு முன்பே திருச்செங்கோட்டுக் கொட்டகைக்குத் திரும்பிவிட்டது. உள்ளே ஒரு பயணியும் இல்லை. வழியில் சேதி கேட்டுத் திரும்பிய கண்டக்டர் இறங்கி, தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "நம்ம சென்னியப்பண்ணன் போயிட்டாருங்க" என்றார். எட்டு நாள் விஷக்காய்ச்சல். தேறிவிடுவார் என்ற வைத்தியர் சொல்லை நம்பி, நான் டயருக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன்.

சென்னியப்பன் அவர்கள் எனக்கு முறையில் மச்சான், தொழிலில் கூட்டாளி. ஆளுக்குக் கொஞ்சம் நிலத்தை விற்று ஒரு பழைய பஸ் வாங்கினோம். காலையில் நான் ஓட்டினால் மாலையில் அவர் ஓட்டுவார். ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் பாட்டு தானாக வரும் அவருக்கு. ராகம் மட்டும் வராது.

யுத்தம் வந்து பெட்ரோல் அருகிப்போனதும் கரிவாயுவில் வண்டி ஓட, பஸ்ஸின் முதுகில் ஒரு கரி உலையைக் கட்டினோம். விசிறியைச் சுற்றி அதை மூட்டவே ஒரு மணி நேரம் ஆகும். எனக்கோ வேறு யார் கை வைத்தாலும் திருப்தி வராது. கரி போடுவதும் நான், சுற்றுவதும் நான் என்று ஆகி, கடைசியில் மச்சானின் மாலை நடையையும் பிடுங்கிக்கொண்டேன். "வண்டி நம்ம ரெண்டு பேருதுங்க, மாப்ளே" என்பார். நான் காதில் போட்டுக்கொண்டதில்லை.

ஒரு சித்திரை மாதம், பட்டப்பகலில், அனல் குறைந்து வண்டி திணறியது. புளியமரத்தடியில் நிறுத்திக் கரி போட்டுவிட்டு, பிடிக்கட்டும் என்று ஸ்டியரிங்கில் தலை சாய்த்தேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்து ஜனங்கள் அசந்து தூங்குகிறவனைத் தொட்டு எழுப்ப மாட்டார்கள். சந்தைக்குப் புறப்பட்ட இருபது பேரும் காய்கறிக் கூடைகளோடு மரத்தடியில் இறங்கி, இரண்டு மணி நேரம் குசுகுசுவென்று பேசிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். பஸ்ஸைக் காணோமே என்று மச்சான் சைக்கிளில் தேடி வந்தபோதும், "எழுப்பாதீங்க சாமி, பாவம்" என்று ஓர் அம்மாள் தடுத்தாராம்.

நான் கண் விழித்தபோது மச்சான் பஸ் படியில் உட்கார்ந்திருந்தார். திட்டவில்லை.

"ஏனுங் மாப்ளே, இந்தத் தூக்கம் வண்டி ஓடறப்ப வந்திருந்தா?"

நான் இறங்கி அவருக்கு இடம் விட்டேன். மீதி வழியை அவர்தான் ஓட்டினார், அன்று பாடவில்லை.

மறுநாளே மச்சானின் தீர்ப்பு வந்துவிட்டது. பழையபடி ஆளுக்கு ஒரு வேளை. அமாவாசை அன்று பஸ்ஸே ஓடாது.

"ஊரே ஆத்துக்குப் போற நாளாச்சுங்களே மச்சான்" என்றேன்.

"போகட்டுமுங்க. அன்னைக்கு மாட்டைக்கூட ஏருல பூட்டறதில்ல. மாட்டைவிடக் கேவலமாப் போயிட்டமா நாம?"

"சரி, நான் ஊட்டுல இருக்கறேன். நீங்க ஓட்டுங்க."

"நான் ஓட்டுனா உங்களுக்கு ஊட்டுல இருப்புக் கொள்ளாதுங்க. ரெண்டு பேருமே சும்மா இருப்போம்."

ஊர் சிரித்தது. அடுத்த பஸ்காரருக்குக் கொண்டாட்டம். முதல் அமாவாசைக்கு நான் திருட்டுத்தனமாகக் கொட்டகைக்குப் போனேன். வண்டியைக் கிளப்பும் கைப்பிடியைக் காணோம். முதல்நாளே வீட்டுக்குத் தூக்கிப் போயிருந்தார், மனுஷர். வேறு வழியில்லாமல் வீடு திரும்பினேன். பகலில் சுடுசோறு சாப்பிட்டு எத்தனை காலம் ஆயிற்று என்று அன்றுதான் தெரிந்தது. என் மகளுக்கு முன்பல் இரண்டும் விழுந்து முளைக்கவே தொடங்கியிருந்தன. அதையும் அன்றுதான் பார்த்தேன். இரண்டு மூன்று அமாவாசை போனதும் விசிறி சுற்றிய தோள்வலி விட்டது. எரிந்து விழுவதும் குறைந்ததாக வீட்டில் சொன்னார்கள். மச்சானை மட்டும் நான் விடவில்லை. "சோம்பேறிகளுக்கெல்லாம் ராஜா" என்று அன்று முதல் ஐந்து வருஷமும் கேலி செய்தேன். அவரும் சிரித்துக்கொண்டே, "ஆமாங்க" என்பார்.

காரியம் முடிந்த அன்று பாவாயி அக்காவிடம், மச்சானின் துணைவியாரிடம், இந்தக் கேலியைச் சொல்லி அழுதேன். அக்கா ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்துவிட்டுச் சொன்னார்.

"அவருக்குச் சும்மா இருக்கவே பிடிக்காதுங்க தம்பி. அமாவாசை வந்தா வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துக்கிட்டே கெடப்பாரு. 'அந்தக் கூட்டத்தை ஏத்திக்கிட்டு ஆத்தோரமா ஓட்டுனா எப்படி இருக்கும்'னு சொல்லிச் சொல்லி மாஞ்சு போவாரு. அப்புறம் ஏன் இப்படிக் கெடக்கறீங்க, போய் ஓட்டுங்களேன்னா, 'நான் கொட்டாய்க்குப் போனா மாப்ளையும் வந்துருவாரு'ன்னு உக்காந்துக்குவாருங்க."

மச்சான், எனக்கு இது தெரியாது. உங்கள் ஆசையை மாதாமாதம் அடக்கிக்கொண்டு என்னைத் தூங்க வைத்திருக்கிறீர்கள். நான் செய்த கேலியையெல்லாம் மன்னித்துவிடுங்கள். நாளைக்கு அமாவாசை. ஆற்றுக்குக் கூட்டம் நிறைய வரும். நான் வீட்டில்தான் இருப்பேன், சத்தியமாக வரமாட்டேன். நீங்கள் வண்டியை எடுங்கள், மச்சான்.