அணைத்த பிறகும் எரிந்த பல்பு

மின்னல் கீழே எட்டிப் பார்ப்பது எதற்கென்று நினைக்கிறீர்கள்? கரண்ட் மாமா வீட்டில் இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ளத்தான். சூரியனுக்கு ஃப்யூஸ் போனால் ஏணியோடு கிளம்பக்கூடிய ஒரே ஆளும் அவர்தான். இதை அவரே டீக்கடையில் சொல்லியிருக்கிறார்.

அப்பேர்ப்பட்டவரை ஒரு மத்தியானம் டெய்லரம்மா கூப்பிட்டு அனுப்பினார். படுக்கையறையில் பழைய குண்டு பல்பை எடுத்துவிட்டு எல்.இ.டி. போட்டாராம். சுவிட்சை அணைத்த பிறகும் மினுக்மினுக்கென்று எரிகிறதாம்.

“என்னக்கா, பேயா?” என்று செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தார் மாமா.

“பேய் இல்ல தம்பி. அவருதான்.”

அவர் என்றால் டெய்லரம்மாவின் கணவர். போன வருடம் நெஞ்சுவலியில் போனவர். அவர்தான் கண் சிமிட்டுகிறார் என்று யாரோ ஒரு புண்ணியவதி சொல்லி வைத்திருக்கிறாள். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, எத்தனை சட்டை தைத்தேன், யார் அளவு சரியில்லை என்று சண்டைக்கு வந்தார்கள் என்றெல்லாம் அந்தப் பல்பிடம் ஒப்பிக்கிறார்.

“யாருக்கா இப்படிச் சொன்னது?”

“ஒரு சின்னப் பொண்ணு. நல்லதுக்குத்தான் சொல்லிச்சு, விடுங்க.”

மாமா சிரிப்பை மீசைக்குள் அடக்கிக்கொண்டு ஸ்டூலில் ஏறினார். சுவிட்ச் அணைந்துதான் இருந்தது. பல்பைக் கழற்றி ஹோல்டருக்குள் டெஸ்டரை வைத்தார். இருட்டாக இருக்க வேண்டிய டெஸ்டர் பளிச்சென்று எரிந்தது. ஃபேன் சுவிட்சையும் அணைத்துவிட்டு அதன் இணைப்பில் வைத்தார். அங்கேயும் அதே பளிச். மீசைக்குள் இருந்த சிரிப்பு செத்துப்போனது.

சுவிட்சை அணைத்தால் கரண்ட் வருகிற வழி அடைபட வேண்டும். இங்கே திரும்பிப் போகிற வழிதான் அடைபட்டிருந்தது. வந்த கரண்ட், கை வைப்பவனைக் கடிக்க பல்பின் வாசலிலேயே உட்கார்ந்திருந்தது. குண்டு பல்பு இதைக் காட்டிக்கொடுக்காது. எல்.இ.டி. துளிக் கசிவுக்கே மினுங்கிவிடும்.

“எந்த மடையன் வேலை இது?” என்று முனகியபடி மெயினை நிறுத்திவிட்டு, கதவுக்கு மேலே இருந்த ஜங்ஷன் பெட்டியைத் திறந்தார். சிவப்பு வயரும் கறுப்பு வயரும் இடம் மாறி முறுக்கியிருந்தன. அவற்றின் மேல் சுற்றிய டேப்பின் நுனி, பின்னால் பிரிக்க வசதியாக, எலிவால் மாதிரி மடித்து விடப்பட்டிருந்தது.

அப்படி வால் விட்டு டேப் சுற்றுகிற மடையன் இந்த ஊரில் ஒருத்தன்தான்.

எட்டு வருடத்துக்கு முன்னால் டெய்லரம்மாவின் கணவர் இதே அறையில் பல்பு மாற்ற ஏறி, ஷாக் அடித்து விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். “அணைச்சுட்டுத்தான்யா ஏறினேன்” என்று தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினார். பார்க்க வந்த மாமா, சுவிட்சை டக்டக்கென்று இரண்டு தட்டு தட்டிவிட்டு, “சுவிட்ச் பொய் சொல்லாதுண்ணே” என்றார். அதை டீக்கடையிலும் போய்ச் சொன்னார்; கடையே சிரித்தது. சாகும்வரை அந்த மனிதருக்கு ‘மறதி’ என்றுதான் பேர்.

“என்ன தம்பி, பல்புதான் கோளாறா?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். வயரை மாற்றி முறுக்கி, வாலில்லாமல் டேப் சுற்றிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? மாமாவுக்குக் காது இரண்டும் கொதித்தன. வேலை முடிந்தும் இறங்கவில்லை. இறங்கினால் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

“அக்கா... அண்ணன் அன்னிக்கு அணைச்சுட்டுத்தான் ஏறினாரு.”

“என்னது?”

“அவரு மறக்கல. நான்தான் வயரை மாத்திக் குடுத்துட்டேன்.” சுவரைப் பார்த்தே சொன்னார்.

டெய்லரம்மா கத்தியிருந்தால் தேவலை. கழுத்திலிருந்த அளவு நாடாவை எடுத்து விரலில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார்.

“அவரு வெளிய கிளம்பினா, அடுப்பை அணைச்சீங்களா, நிஜமா அணைச்சீங்களான்னு வாசல் வரைக்கும் போய்க் கேப்பேன். ஒரு நாள்கூட எதுத்துப் பேசல.”

மாமா மெயினைப் போட்டு, விளக்கையும் ஃபேனையும் ஓடவிட்டு நிறுத்திக் காட்டினார். பல்பு சுத்தமாக அணைந்தது.

“இதை அந்த டீக்கடையில போய்ச் சொல்லுங்க தம்பி. சிரிச்சவங்க எல்லாம் இருக்கும்போது.”

சொன்னார். கிளாஸை உதட்டுக்குக் கொண்டுபோகாமலே சொன்னார். மறுநாளிலிருந்து, தான் பழைய காலத்தில் வேலை பார்த்த வீடுகளில் எல்லாம் கதவைத் தட்டி ஜங்ஷன் பெட்டிகளைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். சூரியனைப் பற்றிப் பேச்சே இல்லை.

இதுவரை எழுதியதை மாமாவே கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். எலிவால் வந்த இடத்தில் காது சிவந்தது. முடித்ததும் தாளை நாலாக மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

“எல்லாம் சரிதான். என் மானத்தை ஒரு எழுத்து விடாம வாங்கியிருக்க. அந்தப் புண்ணியவதி யாருன்னு எழுத மட்டும் மறந்துட்டியே, மருமகளே? டெய்லரம்மா இன்னும் சாயங்காலம் ஆனா ஜன்னலைச் சாத்திட்டு, அந்த சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைச்சுப் பாக்குறாங்க.”