தண்ணி அடிக்கும் டாக்டர்

பல்லின் வேர்க்குழாயை எப்படிக் கழுவினால் அழுக்கு முழுதாகப் போகும் என்று பட்டமேற்படிப்பில் ஆராய்ந்தவள் நான். ஊசியால் மருந்துத் தண்ணீரைப் பீய்ச்சிவிட்டு அப்படியே விடுவது, மெல்லிய ரப்பர் குச்சியை உள்ளே விட்டுக் கையால் மேலும் கீழும் குத்துவது, அல்ட்ராசோனிக் முனையால் தண்ணீரை அதிரவைப்பது என்று மூன்று முறைகள். சோதனையெல்லாம் பிடுங்கிப்போட்ட பற்களில்தான், அவை முனகாது. அல்ட்ராசோனிக்தான் சிறந்தது என்று முடித்தேன். கைக்குச்சியை ‘பழைய முறை’ என்று ஒரே வரியில் ஒதுக்கியதில் பெருமை வேறு.

இப்போது மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய டோல்கேட் பக்கம் என் கிளினிக். போன வருஷம் விசைப்படகில் வேலை செய்யும் ஒருவர் மனைவியோடு வந்தார். நடுக்கடலில் கடைவாய்ப்பல் சீழ் கோத்து முகம் வீங்கி, படகே இவருக்காகக் கரை திரும்பியிருந்தது. இன்னொரு முறை அப்படி ஆனால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்று படகுக்காரர் சொல்லிவிட்டார். பிடுங்கிவிடலாம் என்றால், மறுபக்கத்துக் கடைவாய் ஏற்கெனவே காலி.

வேரைக் குடைந்துவிட்டு அல்ட்ராசோனிக்கை ஜம்பமாக எடுத்தேன். வேர் தூண்டில் முள் மாதிரி வளைந்திருந்தது. முனை வளைவில் முட்டியதும் அதிர்வு செத்துப்போனது. ஆராய்ச்சிக்கு நான் பொறுக்கியவை எல்லாம் நேரான வேர்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. வழியில்லாமல் ரப்பர் குச்சியை எடுத்துக் குத்த ஆரம்பித்தேன். தெருமுனையில் கைபம்பு அடித்து வளர்ந்தவள், அந்த வார்த்தைதான் வாயில் வந்தது.

“இன்னும் கொஞ்சம் தண்ணி அடிக்கணும் அண்ணா. அப்பதான் உள்ள சுத்தமாகும்.”

வாசலில் இருந்த மனைவி எழுந்து வந்துவிட்டார். “இன்னா டாக்டரம்மா, அந்தக் கருமத்த இப்பதான் வுட்டுத் தொலைச்சிகீறாரு. நீயே ஏத்தி வுடறியே.”

எவ்வளவு விளக்கியும் நம்பவில்லை. சிரிஞ்சை வாங்கி முகர்ந்து, “ப்ளீச்சிங் நாத்தம்” என்று திருப்பித் தந்தபிறகுதான் போய் உட்கார்ந்தார்.

பல்லை அடைத்து அனுப்பினேன். அவர் கடலுக்குப் போனதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. படகு மறுபடி பாதியில் திரும்பினால் அவர் பிழைப்பு என்னால்தான் போகும். பட்டமும் மெஷினும் கையில் இருந்தும் ஒரு ரப்பர் குச்சியை நம்பிக் கிடந்தேன்.

கரைக்கு வந்த அன்றே கிளினிக்குக்கு வந்தார். கூட்டம் உட்கார்ந்திருந்தது. வாயைத் திறந்து அந்தப் பல்லை விரலால் தட்டிக் காட்டினார். “இந்தப் பக்கமே வச்சி கருவாடு துன்னேன். இன்னாவும் ஆவல.” எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, கடலில் பேசுகிற குரலில் சொன்னார்: “டாக்டரம்மா தண்ணி அடிச்சிட்டுதான் வைத்தியம் பாத்துச்சி. எனக்குக் கரீட்டா தெளிஞ்சிடுச்சி.”

குழந்தையோடு காத்திருந்த ஒரு அம்மா எழுந்து போய்விட்டார்.