நார் கட்டிய கை

என் வீட்டுக்காரருக்கு மறதி வந்துவிட்டதை முதலில் காட்டிக் கொடுத்தது எங்கள் ஓடைப்பட்டித் தோட்டத்துத் திராட்சைக் கொடிகள்தான். உரம் வைத்த கொடிக்கு அடையாளமாக வாழைநார் கட்டிவிடுவது எங்கள் வழக்கம். ஒரு வரிசைக்குக் கட்ட மறந்து, மறுநாளும் அதற்கே உரம் வைத்துவிட்டார். இலையெல்லாம் கருகிப்போயிற்று.

"கண்ணைப் பொடதியிலயா வச்சிருந்தீக?" என்று வேலையாட்கள் முன்னாலேயே கத்தினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். இன்று நினைத்தாலும் என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

அவருக்குச் சர்க்கரை வந்து அப்போது பதினாறு வருடம். இன்சுலினை அவரே போட்டுக்கொள்வார். வீட்டில் பிரிட்ஜ் கிடையாது. மருந்துப் புட்டி மண்பானைக்குள் இருக்கும். அது வழக்கத்தைவிடச் சீக்கிரம் தீர்ந்தபோதும் எனக்கு உறைக்கவில்லை.

ஒரு காலையில் சட்டை நனைய வியர்த்து நின்றவர், என்னைப் பார்த்து, "நீங்க யாரு?" என்றார். ஜீப்பில் சின்னமனூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் குளுக்கோஸ் ஏற்றினோம். ஊசியை இரண்டு தடவை போட்டிருக்கிறார். தாழ்சர்க்கரை (ரத்தத்தில் சர்க்கரை இருக்க வேண்டிய அளவுக்கும் கீழே இறங்குவது) என்றார்கள்.

பிறகு தேனியில் ஒரு டாக்டர், மாடு, சாவி, மாம்பழம் என்று மூன்று சொற்களைச் சொல்லி, ஐந்து நிமிடம் கழித்துத் திருப்பிக் கேட்டார். "மாடு..." என்ற என் வீட்டுக்காரர், மிச்சத்துக்கு என் முகத்தைப் பார்த்தார்.

"சர்க்கரை கூடியே இருந்தாலும் மூளைக்குக் கெடுதல், அடிக்கடி தாழ்ந்தாலும் கெடுதல்மா. அறிவாற்றல் குறைவு (நினைவும் யோசிக்கும் திறனும் மங்குவது) ஆரம்பிச்சிருக்கு. இனிமே ஊசி உங்க கையில."

"பழையபடி ஆயிருவாகளா டாக்டர்?"

"போனது முழுசா வராது. தாழாமப் பாத்துக்கிட்டா இருக்கிறதைக் காப்பாத்தலாம்."

உங்கள் வீட்டிலும் சர்க்கரைக்காரர் காரணமில்லாமல் எரிந்துவிழுந்தால், சொன்னதையே சொன்னால், திமிர் என்று நினைத்துவிடாதீர்கள். முதலில் சர்க்கரையைச் சோதியுங்கள். நான் சண்டைதான் போட்டேன்.

ஊசியை நான் எடுத்துக்கொண்டதும் தினமும் ரகளை. "இன்னும் போடல, எங்கிட்டக் குடு" என்று பானையைத் துழாவுவார். ஒருநாள் போட்டு முடித்ததும், ஏதோ தோன்றி, அவர் மணிக்கட்டில் வாழைநாரைக் கட்டினேன். தடவிப் பார்த்தார்.

"வச்சாச்சா?"

"வச்சாச்சுங்க."

அதோடு அடங்கிவிட்டார். அன்று முதல் இரண்டாவது ஊசிக்கு அவர் கை போகவில்லை. தாழ்வது நின்றது. நடை தெளிந்தது, பேத்தியின் பெயர் திரும்பி வந்தது. கிழமைகள் மட்டும் வரவில்லை. எனக்கும் இப்போது கிழமை கிடையாது. காலையில் நார் கட்டுகிறேன், பொழுது சாய்ந்ததும் அவிழ்க்கிறேன், ஒரு நாள் முடிகிறது.

போன ஐப்பசியில் ஒரு மத்தியானம், சோற்றை வடித்துவிட்டு அசந்து உட்கார்ந்திருந்தேன். அவர் வந்து என் கையை இழுத்து நார் கட்டினார்.

"நீ சாப்ட்டாச்சு புள்ள. மறந்துருவ."

காலையிலிருந்து நான் பச்சைத் தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை. "ஆமாங்க, சாப்ட்டாச்சு" என்றேன். அவர் நிம்மதியாகப் போய்ப் படுத்தார். கண்ணயர்ந்த பிறகுதான் தட்டை எடுத்தேன். நாரை அவிழ்க்காமலே சாப்பிட்டேன்.