வார இறுதிக்கு ஒரு டாங்கி

போன வெள்ளிக்கிழமை மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அலுவலகத்தில் எனக்கு அடுத்த மேசையில் இருக்கும் திவ்யா தன் போனை என் டிபன் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். திரையில் வரிசையாகக் குட்டி டாங்கிகள். பிளாஸ்டிக் துண்டுகளாகப் பெட்டியில் வரும், நாமே வெட்டி ஒட்டிச் சேர்க்க வேண்டிய வகை.

"என் ஹஸ்பண்ட் எப்பப் பாரு போனும் கையுமா இருக்காரு சார். இத வாங்கிக் குடுத்து உக்கார வெக்கலாம்னு பாக்கறேன். ஃபர்ஸ்ட் டைம். சனி ஞாயிறுக்குள்ள முடியணும். எது ஈஸி?"

என்னைக் கேட்டதற்குக் காரணம் உண்டு. என்றோ டீ குடிக்கும்போது, நானும் ஒரு காலத்தில் டாங்கி கட்டியிருக்கிறேன் என்று அளந்து வைத்திருந்தேன். கட்டியது ஒன்றே ஒன்று. அதிலும் முக்கால்வாசி வேலை என்னுடையதில்லை. ஆனாலும் கேட்டுவிட்டாளே என்று தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன்.

பெட்டி மேல் இருக்கும் படத்தைப் பார்த்து மயங்காதே என்றேன். சக்கரங்களைச் சுற்றி ஓடும் பட்டை ஒரே ரப்பர் வளையமாக இருக்க வேண்டும். கண்ணி கண்ணியாகக் கோத்து ஒட்டு என்று சொல்கிற பெட்டியை எடுத்த இடத்திலேயே வைத்துவிடு. சக்கரம் குறைவாக உள்ள பழைய காலத்து டாங்கி நல்லது. ஒவ்வொன்றையும் வெட்டித் தேய்த்து எடுப்பதற்குள் மனுஷனுக்கு வெறுத்துவிடும். பித்தளைத் தகட்டில் துணுக்குத் துணுக்காகப் பாகங்கள் வந்தால் வேண்டாம். ஒரே பச்சை அடித்தால் போதும் என்கிற மாதிரி பார். ரொம்பப் பொடி அளவும் கூடாது, கீழே விழுந்தால் மறுநாள் முறத்தில்தான் கிடைக்கும்.

"கோந்து எது சார் வாங்கறது?" என்றாள்.

கோந்து என்றதும் எனக்கு அந்த வாசனை வந்துவிட்டது. பிளாஸ்டிக் ஒட்டும் பசைக்கு நெயில் பாலிஷ் நெடி இருக்கும். இன்றைக்கும் லிஃப்டில் யாராவது புதிதாகப் பூசிய நகத்தோடு ஏறினால், நான் லிங்கராஜபுரத்தில் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசைக்குப் போய்விடுவேன். பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பு, அதில் பசை சிந்திக் கரைந்துபோன ஒரு ரோஜாப்பூ.

அப்போது எனக்கு வேலை கிடைத்த புதிது. அக்கா வீட்டு முன்னறையில்தான் ஜாகை. அக்கா ஸ்டெல்லா பள்ளிக்கூட டீச்சர். அவள் கணவர் அருளை மாமா என்று கூப்பிடுவேன். பட்டாளத்தில் டாங்கிக்குள் உட்கார்ந்து பீரங்கியைக் குறி வைக்கும் வேலை பார்த்தவர். அந்த வருஷம்தான் விட்டுவிட்டு வீட்டோடு வந்திருந்தார்.

வந்த நாளிலிருந்து எந்தக் கதவையும் தாழ் போட விடமாட்டார். வாசல் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க நடுவில் ஒரு செருப்பைச் சொருகி வைப்பார். இரவும் பகலும் அப்படித்தான். பூனை வரும், பாலைக் குடிக்கும், போகும். குளியலறைக்குக்கூடக் கொண்டி கிடையாது, அதைக் கழற்றிப் போட்டுவிட்டார். உள்ளே ஆள் இருப்பது தெரிய வேண்டுமென்றால் பாட வேண்டும். எனக்குத் தெரிந்த கீர்த்தனைகள் எல்லாம் அந்தக் குளியலறையில், தலையில் சோப்பு நுரையோடு மனப்பாடமானவைதான். என் குரலைக் கேட்டுவிட்டு, நான் பாடகர் குழுவில் சேரப் பயிற்சி எடுக்கிறேன் என்று தெருவில் ஒரு பேச்சு இருந்தது.

தெருவில் சிரித்தார்கள். "டீச்சரம்மா வீடு சர்ச் மாதிரி, எப்பவும் தெறந்தே இருக்கும்" என்று எதிர்வீட்டுக்காரர் சொன்னதற்கு அக்காவும் சிரித்துவைத்தாள். ஆனால் உள்ளுக்குள் அவள் உடைந்துகொண்டிருந்தாள். மாமா பேசுவதே குறைந்துபோயிருந்தது. ஆராதனைக்கு வந்தால் கடைசி பெஞ்சில், கதவோரம். பிரசங்கம் தொடங்குமுன் எழுந்து போய்விடுவார். ஒரு வங்கியில் காவல் வேலை கிடைத்தது, மடக்குக் கம்பிக் கதவை இழுத்துச் சாத்துவதைப் பார்த்துவிட்டு முதல் நாளே திரும்பிவிட்டார்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்ல மாட்றாருடா" என்றாள் அக்கா ஒரு நாள், துணி உலர்த்திக்கொண்டே. "கோவமா, நோவான்னு தெரிஞ்சாக்கூடப் போதும். நீயாவது அவர்கூட உக்காரேன்."

உட்காருவதற்கு ஒரு சாக்கு வேண்டுமே. அந்த வயதில் எனக்கு இருந்த புத்திக்கு, டாங்கியில் இருந்தவருக்கு டாங்கி பிடிக்கும் என்று தோன்றியது. தச்சு வேலை செய்து ஓய்ந்தவருக்கு உளியைப் பரிசளிக்கிற மாதிரி. பிரேசர் டவுனில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் பொம்மைக்கடை ஒன்று இருந்தது. படியேறும்போதே பன் வேகும் வாசனை கூடவே வரும். அந்த வாசனையில் பசியெடுத்து, நான் பொம்மை வாங்கப் போன பல நாட்கள் பன்னோடு முடிந்திருக்கின்றன.

அன்றைக்குக் கடையிலேயே பெரிய பெட்டியைத் தூக்கினேன். படத்தில் நெருப்பும் புகையுமாக டாங்கி பாய்ந்துகொண்டிருந்தது. கடைக்காரர் பாய் என் கையிலிருந்து அதை வாங்கி மேலே வைத்துவிட்டார்.

"யாருக்கு தம்பி?"

"எங்க மாமாவுக்கு பாய். பட்டாளத்துல டேங்க்லயே இருந்தவரு."

"இருந்தா இருக்கட்டும். அந்த டேங்க் வேற, இது வேற. மொதல் தடவைக்கி இது பேடா, வேணாம். பாதியில தூக்கிப் போட்ருவீங்க." ஏதோ பழைய வெளிநாட்டு டாங்கி, சின்னப் பெட்டி, ரப்பர் பட்டை. திவ்யாவிடம் நான் அவிழ்த்துவிட்ட ஞானம் முழுவதும் பாய் அன்று சொன்னதுதான்.

சனிக்கிழமை சாயங்காலம் பெட்டியை மேசை மேல் வைத்தேன். மாமா அதைப் பார்த்தார். தொடவில்லை. சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. தப்புப் பண்ணிவிட்டோம் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. பிறகு அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "நகவெட்டி இருந்தா எட்றா" என்றார்.

நகவெட்டியால்தான் வெட்டினோம். விரல்கள் ஒட்டிக்கொண்டன. இடப்பக்கச் சக்கரத்தை நான் வலப்பக்கம் ஒட்டினேன், அவர் பிய்த்தெடுத்தார். என் கட்டைவிரல் ரேகை மேல்தட்டில் பதிந்துவிட்டது. அவர் சிரித்தார். அக்கா சும்மா வேலை இருப்பது போல இரண்டு முறை எங்களைக் கடந்து போனாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மேல்பாகத்தைப் பொருத்தி, பீரங்கிக் குழல் நேராக முன்னால் பார்க்கும்படி வைத்தேன். படத்தில் அப்படித்தான் இருந்தது. முன்பக்கம், குழலுக்கு நேர் கீழே, ஓட்டுகிறவன் ஏறி இறங்க ஒரு சின்ன மூடி. அதை மூடி ஒட்டுவதற்காகப் பசை தொட்ட குச்சியைக் கொண்டுபோனேன். மாமா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அத ஒட்டாத."

மூடியைத் திறந்து நிறுத்தினார். குழலைப் பக்கவாட்டில் திருப்பினார். நான் விவரம் தெரியாமல் மறுபடி நேராக்கினேன். அவர் மறுபடி திருப்பினார்.

"படத்துல நேரால்ல இருக்கு மாமா?"

"நேரா இருந்தா டிரைவர் வெளிய வர முடியாதுடா. இதுல எப்படியோ, எங்க டேங்க்ல குழாய் அவன் மூடி மேல இருந்தா மூடி தெறக்காது." திறந்து நின்ற மூடியை விரலால் தொட்டார். "பயிற்சிதான், சண்டைகூட இல்ல. உள்ள தீ புடிச்சிக்கிச்சி. கரண்ட் போயிடுச்சி. டிரைவர் மனோகர் கீழ இருந்தான். நான் குழாயக் கையால சுத்தினேன். கையால சுத்தினா கொஞ்சம் கொஞ்சமாத்தான் திரும்பும். தட்டிக்கிட்டே இருந்தான். என்னை இழுத்து வெளிய போட்டுட்டாங்க. நான் சுத்திக்கிட்டுதான் இருந்தேன்."

சொல்லி முடித்த பிறகும் அவர் கை மேசைக்கு மேலே காற்றில் சுற்றிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்தது. அந்தக் கையைப் பிடித்து நிறுத்த எனக்குத் தைரியம் வரவில்லை.

அக்கா சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். வாசலுக்குப் போனாள். செருப்பை எடுத்துப் போட்டுவிட்டு இரண்டு கதவையும் சுவர் வரைக்கும் தள்ளித் திறந்தாள். பின்கட்டிலிருந்து அம்மிக் குழவியைத் தூக்கிவந்து அவை சாத்திக்கொள்ளாதபடி முட்டுக் கொடுத்தாள். பிறகு வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மாமா அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பேசினார். செடி விற்கும் ஒரு நர்சரியில் வேலைக்குப் போனார். அங்கே கதவே கிடையாது. வீட்டுக் கதவு மட்டும் அவர் இருந்தவரை சாத்தப்படவில்லை, அதைக் கேலி பேசவும் எங்கள் வீட்டில் ஆள் இல்லை.

அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. பாய் கடை இருந்த மாடியில் இப்போது போன் கவர் விற்கிறார்கள். அக்கா தெருவில் பாதி அடுக்குமாடியாகிவிட்டது, யார் வருகிறார்கள் யார் போகிறார்கள் என்று தெரிவதில்லை. தனியாக இருக்கிறாய், தாழ் போட்டுக்கொள் என்று அக்காவிடம் முதலில் சொன்னவன் நான்தான். சொல்லாமல் எப்படி இருப்பது? இரும்புக் கதவும் சங்கிலியும் போட ஆள் பிடித்துக் கொடுத்ததும் நான்தான். குழவி பின்கட்டில் செடித் தொட்டிக்குப் பக்கத்தில் கிடக்கிறது.

நேற்று, ஞாயிற்றுக்கிழமை, அக்கா வீட்டுக்குப் போகும் வழியில் திவ்யா படம் அனுப்பியிருந்தாள். முடித்துவிட்டார்கள். குழல் நேராக, மூடிகள் எல்லாம் கச்சிதமாக மூடி, பெட்டிப் படம் போலவே இருந்தது. சூப்பர் என்று பதில் போட்டேன். வேறென்ன சொல்வது?

அக்கா சங்கிலியை எடுத்து, தாழைத் திறந்து என்னை உள்ளே விட்டாள். ஷோகேஸில் அந்த டாங்கி இருக்கிறது. ஒரு சக்கரம் இல்லை, ரப்பர் பட்டை விறைத்து வெடித்திருக்கிறது. எடுத்துத் தூசி துடைத்தேன். துடைத்ததில் குழல் நேராகத் திரும்பிவிட்டது, நான் கவனிக்கவில்லை. அக்கா எதிர்வீட்டுக் கல்யாணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். பேச்சை நிறுத்தாமலே கையை நீட்டி, ஒரு விரலால் குழலைப் பக்கவாட்டில் தள்ளிவிட்டாள். பிறகு எழுந்து போய், வாசல் கதவு தாழ் போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தாள்.